சத்தான சாப்பாடு எப்போது சாப்பாட்டுப் பயமாக மாறுகிறது?

என் அத்தானுக்குச் சர்க்கரை நோய் வந்து 12 வருடம் ஆகிறது. மதியம் ஒரு கப் சோறு, அதைப்போல இரண்டு மடங்கு காய், இரவு 7.30-க்குள் சாப்பாடு, இனிப்பு கிடையாது. டாக்டர் சொன்ன நாளிலிருந்து இன்றுவரை ஏறக்குறைய அப்படியேதான் போகிறது. அவருடைய மகனுக்கு எந்த நோயும் இல்லை. அப்பாவுக்கு வந்தது தனக்கும் வந்துவிடக்கூடாது என்று 26 வயதில் சாப்பாட்டைக் கவனிக்க ஆரம்பித்தான். கூல்டிரிங்க்ஸை விட்டான், டீயில் சீனியை விட்டான், காலையில் நடக்கப் போனான். எல்லாமே நல்ல விஷயங்கள்.

இரண்டு வருடம் கழித்து என் அப்பாவுக்கு 80 முடிந்த விசேஷம் வந்தது. பந்தியில் அத்தான் ஜாங்கிரியில் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, மீதியைப் பக்கத்தில் இருந்த சின்னப் பையனின் இலைக்குத் தள்ளிவிட்டார். அன்று சோறு கொஞ்சம் கூடுதல்தான். சாயங்காலம் அரைமணி நேரம் அதிகமாக நடந்தார். அதோடு அந்த விஷயம் முடிந்தது. அவர் மகனைக் காணோம். தேடிப்போனால் மண்டபத்துக்கு வெளியே காரில் தனியாக உட்கார்ந்து, டப்பாவில் கொண்டுவந்த வேகவைத்த காயைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"என்னடா, இங்க வந்து உக்காந்துட்ட?"

"உள்ள வந்தா எல்லாரும் சாப்பிடச் சொல்வாங்க மாமா. அந்த எண்ணெய எத்தனை தடவ காய்ச்சினாங்களோ. நினைச்சாலே வயித்தப் பிரட்டுது."

அவனுடைய கட்டுப்பாட்டைச் சொந்தக்காரர்கள் எல்லோரும் அதுவரை புகழ்ந்துகொண்டிருந்தோம். நானும் புகழ்ந்திருக்கிறேன். அன்றுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. கணக்குப் பார்த்தால் அத்தானுக்குத்தான் விதிகள் அதிகம், அவருக்குத்தான் நோயும் இருக்கிறது. ஆனால் தாத்தாவின் விசேஷத்தில் பந்தியில் உட்கார முடியாமல் போனது மகனுக்கு.

இந்த வித்தியாசத்தைப் பற்றித் தமிழில் பேச்சு இரண்டு விதமாகத்தான் நடக்கிறது. சிறுதானியம் சாப்பிடுகிறவரைப் பார்த்தாலே "இதெல்லாம் ஒரு மனநோய்" என்று கேலி செய்பவர்கள் ஒரு பக்கம். ஒருவர் எவ்வளவு ஒதுக்குகிறாரோ அவ்வளவு ஆரோக்கியம் என்று கைதட்டுபவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பேச்சுமே தட்டில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் பார்க்கின்றன.

## பூட்டை இழுத்துப் பார்ப்பது

வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பும்போது பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறோம். நல்ல பழக்கம். இன்னொருவர் பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்க்கிறார். அடுத்த வாரம் நான்கு முறை. பிறகு, எதற்கு வம்பு என்று வெளியூர் போவதையே நிறுத்திவிடுகிறார்.

பூட்டு அதே பூட்டு. திருடன் வரலாம் என்ற பயமும் பொய்யில்லை. முதல் ஆளுக்கு இழுத்துப் பார்த்ததும் மனம் அங்கிருந்து கிளம்பிவிடுகிறது. இரண்டாவது ஆளின் மனம் வாசலிலேயே நின்றுவிடுகிறது. நிம்மதியாக வெளியே போய்வரத்தானே பூட்டு? அது ஆளையே வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டது.

சாப்பாட்டிலும் இப்படித்தான். உடம்பு நன்றாக இருந்தால் வேலை செய்யலாம், நாலு இடம் போகலாம், பிள்ளைகளோடு விளையாடலாம் என்பதற்காகத்தான் பார்த்துச் சாப்பிடுகிறோம். பார்த்துச் சாப்பிடுவதே அந்த வேலையையும் பயணத்தையும் விளையாட்டையும் ஒவ்வொன்றாகப் பறிக்கத் தொடங்கினால், அங்கே வேறு ஏதோ நடக்கிறது.

## அதற்கு ஒரு பெயர் உண்டு

1970-களில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், பலர் கூடி வாழ்ந்த ஒரு பண்ணைச் சமூகத்தில் ஸ்டீவன் பிராட்மன் என்பவர் சமையல்காரராகவும் இயற்கை விவசாயியாகவும் இருந்தார். அங்கே ஒரு கோஷ்டி பச்சையாகத்தான் சாப்பிடுவோம் என்றது, இன்னொரு கோஷ்டி சமைத்தே ஆகவேண்டும் என்றது. எல்லோருக்கும் சேர்த்து ஒரு சமையல் செய்யவே முடியாத நிலை. அவரும் அதில் விழுந்தார். பறித்துக் கால்மணி நேரத்துக்கு மேல் ஆன காய்கறியைத் தொடமாட்டார். ஒவ்வொரு வாயையும் 50 முறை மெல்லுவார். தனியாக, சத்தமில்லாத இடத்தில்தான் சாப்பிடுவார்.

பிறகு அவர் மருத்துவரானார். வந்த நோயாளிகள் சிலரிடம் தன் பழைய கதையையே பார்த்தார். 1997-ல் ஒரு யோகா இதழில் எழுதிய கட்டுரையில் இதற்கு ஆர்த்தோரெக்சியா நெர்வோசா என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் ஆர்த்தோஸ் என்றால் 'சரியான', ஒரெக்சிஸ் என்றால் 'பசி' அல்லது 'உண்ணும் விருப்பம்'. சரியானதை மட்டுமே சாப்பிடவேண்டும் என்ற எண்ணம் ஆளையே பிடித்துக்கொள்வது என்று புரிந்துகொள்ளலாம்.

இதோடு அடிக்கடி குழப்பப்படுவது அனோரெக்சியா. எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பிடும் அளவைக் குறைத்துக்கொண்டே போகும் நோய் அது. ஆர்த்தோரெக்சியாவில் கவலை அளவைப் பற்றியது அல்ல, தூய்மையைப் பற்றியது. கலப்படம், ரசாயனம், விஷம், அசுத்தம் என்ற சொற்கள்தான் இவர்கள் பேச்சில் வரும். ஒருவரிடமே இரண்டும் சேர்ந்து இருப்பதும் உண்டு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் அதிகாரபூர்வ நோய்ப்பட்டியல்களில் இந்தப் பெயர் தனி நோயாக இடம்பெறவில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட பட்டியலிலும் இல்லை, 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலும் இல்லை. அதே 2022-ல் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி ஒரு பொது வரையறையை எழுதிவைத்தார்கள். பிரச்சினை உண்மையானது என்பதில் அவர்களுக்குள் சண்டை இல்லை. இது தனி நோயா, ஏற்கெனவே இருக்கும் ஒரு நோயின் இன்னொரு முகமா என்பதில்தான் பேச்சு ஓடுகிறது.

'இத்தனை சதவீதம் பேருக்கு ஆர்த்தோரெக்சியா' என்று வரும் செய்திகளை நம்பாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். 2005-ல் இத்தாலிய ஆய்வாளர்கள் உருவாக்கிய 15 கேள்விகள் கொண்ட ஒரு சோதனை உலகம் முழுக்கப் பயன்பட்டது. சாதாரணமாகக் கவனித்துச் சாப்பிடுகிறவர்களையும் அது இந்தப் பக்கம் தள்ளிவிடுகிறது என்ற குறை அதன்மேல் உண்டு. வலை பெரிதாக இருந்தால் பெரிய சதவீதம்தான் வரும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: சத்தாகச் சாப்பிடுவது நோயல்ல. 'சரியான உணவு' என்ற எண்ணம் வாழ்க்கையை விழுங்குவதற்கு ஆர்த்தோரெக்சியா என்று பெயர். அது எடையைப் பற்றிய பயத்தைவிடத் தூய்மையைப் பற்றிய பயம்.

## வரம்பு வேறு, பூஜ்யம் வேறு

கவனமே வேண்டாம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்துக்காகச் சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய நாடளாவிய ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது சொன்னது. எங்கள் வீட்டுப் பையன் பயந்ததில் நியாயம் உண்டு. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் கெடுதல் என்பதும் உண்மை. எண்ணெயிலும் வனஸ்பதியிலும் இருக்கும் டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கெடுதல் என்பதால்தான் 2022 முதல் இந்தியாவில் அது 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறார்கள்.

ஆனால் சுகாதார அமைப்புகளின் அறிவுரைகளை நிதானமாகப் படித்துப் பாருங்கள். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கூடுதலாகச் சேர்க்கும் சீனி, நாம் பெறும் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்கிறது. நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது ஏறக்குறைய 50 கிராம். அதையும் 5 சதவீதத்துக்குக் குறைத்தால் இன்னும் நல்லது என்கிறது. இவை எல்லாம் வரம்புகள். ஒரு கோடு போட்டு, அதற்குள் இரு என்கிறார்கள்.

நம் கைபேசிக்கு வரும் வீடியோக்களில் வரம்பு என்ற பேச்சே கிடையாது. சீனி வெள்ளை விஷம், மைதா வெள்ளை விஷம், உப்பு வெள்ளை விஷம், பால் வெள்ளை விஷம். விஷத்தில் ஒரு ஸ்பூன் சாப்பிடலாமா என்று யாராவது கேட்பார்களா? பூஜ்யம் ஒன்றுதான் வழி.

வரம்புக்கும் பூஜ்யத்துக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது. வரம்புக்குள் வந்துவிட்டால் மனம் அடங்கிவிடும். 'இன்று உப்பு சரியாகப் போட்டாயிற்று' என்று அடுத்த வேலையைப் பார்க்கலாம். தூய்மைக்கு அப்படி ஒரு நிறுத்தம் கிடையாது. ரீஃபைண்ட் எண்ணெயை விட்டுச் செக்கு எண்ணெய்க்கு வந்தான் எங்கள் பையன். அடுத்து, அது இரும்புச் செக்கா மரச்செக்கா என்ற கேள்வி வந்தது. மரச்செக்கு கிடைத்தது. அந்தக் கடலை எந்த ஊர், மருந்து அடித்த நிலமா? மருந்தடிக்காத நிலம் கிடைத்தது. பக்கத்து நிலத்திலிருந்து காற்றில் வந்திருக்குமே? ஒவ்வொரு பதிலுக்குப் பின்னாலும் இன்னொரு கேள்வி காத்திருந்தது. செக்கு எண்ணெய் வாங்குவதில் எந்தத் தவறும் இல்லை, எங்கள் வீட்டிலும் அதுதான். அவனுக்கு எந்த எண்ணெயும் போதவில்லை என்பதுதான் பிரச்சினை.

ஒரு வாரத்துக்கு 21 வேளை சாப்பிடுகிறோம். உடம்பு கணக்குப் பார்ப்பது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் என்ன சாப்பிட்டோம் என்பதை. வழக்கமாக நன்றாகச் சாப்பிடுகிற ஆரோக்கியமான ஆளுக்கு அதில் ஒரு வேளை கல்யாணச் சாப்பாடாக இருந்தால் சராசரி அசையாது. பயத்துக்கு இந்தச் சராசரிக் கணக்கு தெரியாது. அது ஒவ்வொரு கவளத்தையும் தனித்தனியாக விசாரணை செய்யும்.

## பயம் எப்படிக் கூடுகிறது: நாய் இருக்கும் தெரு

'தவிர்க்கத் தவிர்க்கப் பயம் குறையவேண்டும்தானே, ஏன் கூடுகிறது?' என்று அக்கா என்னிடம் கேட்டாள். இந்த விஷயத்தின் மையமே அந்தக் கேள்விதான்.

ஒரு தெருவில் நாய் குரைத்தது என்று வைத்துக்கொள்வோம். பயந்துபோய் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போகிறோம். அந்தத் தெருவைத் தாண்டியதும் ஒரு நிம்மதி வருகிறதே, அந்த நிம்மதிதான் பாடம் நடத்துகிறது. 'சுற்றிப் போனதால் தப்பித்தோம்' என்று மூளை எழுதிவைத்துக்கொள்கிறது. நாளைக்கும் சுற்றுகிறோம், மறுபடி நிம்மதி, மறுபடி அதே பாடம். அந்த நாய் சங்கிலியில் கட்டியிருக்கிறது என்பது நமக்கு எப்போதுமே தெரியவராது. நாம்தான் அந்தத் தெருவுக்கே போவதில்லையே. ஆறு மாதத்தில் அடுத்த தெருவில் எங்கோ ஒரு குரைப்புக் கேட்டாலும் அதையும் விட்டுவிடுவோம்.

உளவியலில் இதற்கு எதிர்மறை வலுவூட்டல் என்று பெயர். 'எதிர்மறை' என்றதும் கெட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கே அதற்குக் கழித்தல் என்று பொருள். ஒரு வேதனை கழிந்துபோவதால், அதைக் கழித்த செய்கை பலப்பட்டுப்போகிறது. கைகழுவிக்கொண்டே இருக்கிற, பூட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிற எண்ணச் சுழற்சி நோயிலும் இதே இயந்திரம்தான் ஓடுகிறது.

சாப்பாட்டில் இன்னொரு சிக்கலும் கூடச் சேர்ந்துகொள்கிறது. பயந்தால் வயிறு இறுகும், குமட்டும், சிலருக்கு வயிற்றுப்போக்கே வரும். பரீட்சைக்கு முன்னால் எல்லோரும் இதை அனுபவித்திருப்போம். பயத்தோடு ஒரு வடையைச் சாப்பிட்டால் வயிறு இறுகும். 'பார்த்தாயா, ஒத்துக்கொள்ளவில்லை' என்று அந்த வடையின்மேல் பழி விழும். கெடுதல் வரும் என்ற எதிர்பார்ப்பே உண்மையான உபாதையை உண்டாக்குவதை மருத்துவத்தில் நோசிபோ விளைவு என்பார்கள். அந்த வலி நடிப்பல்ல. காரில் உட்கார்ந்து "வயித்தப் பிரட்டுது" என்று அவன் சொன்னபோது அவனுக்கு நிஜமாகவே பிரட்டியது.

அப்புறம் ஊர் மெச்சுவது. பூட்டை நூறு தடவை இழுத்துப் பார்க்கிறவரை யாரும் மெச்சுவதில்லை, அதனால் அவருக்கே தன்னிடம் ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிடும். சாப்பாட்டை ஒதுக்குகிறவருக்குப் பாராட்டு கிடைக்கிறது. தான் நல்லவன், மற்றவர்கள் கட்டுப்பாடில்லாதவர்கள் என்ற எண்ணமும் மெல்ல வருகிறது. ஒருநாள் தவறிவிட்டால் குற்றவுணர்ச்சி, அதற்குப் பரிகாரமாக மறுநாள் பட்டினி. கட்டுப்பாட்டை விட்டுவிட்டு இஷ்டப்படி சாப்பிடும் நாளுக்கு வைத்திருக்கும் 'சீட் டே' (cheat day, ஏமாற்றும் நாள்) என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிடுவதில் ஏமாற்றுவதற்கு என்ன இருக்கிறது? யாரை ஏமாற்றுகிறோம்? ஜிம்மில் சாதாரணமாகப் புழங்கும் அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு குற்றம் உட்கார்ந்திருக்கிறது.

ஆக, பயம் தவிர்க்கச் சொல்கிறது, தவிர்த்தால் நிம்மதி வருகிறது, நிம்மதி பயத்துக்குச் சாட்சி சொல்கிறது. வட்டம் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் பெரிதாகிறது.

## பசித்த மூளை

பயம் ஒரு பாதி. மறுபாதியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு இதில் மிகவும் முக்கியமாகப் படுவதும் அதுதான்.

தினமும் குழாயில் தண்ணீர் வருகிற வீட்டில் தண்ணீரைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். 2019 கோடையில் சென்னையில் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். லாரி எப்போது வரும், எத்தனை குடம், யார் வரிசையில் நிற்பது, துணி துவைத்த தண்ணீரை எதற்கு ஊற்றுவது என்று நாள் முழுக்கத் தண்ணீர்ப் பேச்சுத்தான். அவர்களுக்குத் தண்ணீர்மேல் திடீரென்று ஆசை வந்துவிடவில்லை. பற்றாக்குறை அவர்கள் மனத்தை அங்கேயே கட்டிப்போட்டது.

உணவு குறைந்தால் மூளைக்கும் இதுவே நடக்கிறது. இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில், ஐரோப்பாவில் பட்டினியில் வாடும் மக்களை எப்படித் தேற்றுவது என்று அறிய மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் ஒரு சோதனை நடத்தினார். மனசாட்சிப்படி போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். உடலிலும் மனத்திலும் திடமானவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 1945-ல் 24 வாரங்களுக்கு அவர்கள் வழக்கமாகச் சாப்பிட்டதில் பாதியளவுதான் கொடுக்கப்பட்டது. உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி. உடல் எடையில் கால்பங்கு போயிற்று.

எடை குறைந்தது ஆச்சரியமில்லை. அவர்கள் மனத்துக்கு நடந்ததுதான் எல்லோரையும் திகைக்கவைத்தது. அதற்குமுன் சமையலைப் பற்றி யோசித்தே இராதவர்கள் சமையல் புத்தகங்களை வாங்கிச் சேர்த்தார்கள். கிடைத்த கொஞ்சத்தைத் துண்டு துண்டாக்கி, தண்ணீர் கலந்து, மணிக்கணக்கில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பேச்சு, கனவு எல்லாம் சாப்பாடு. நண்பர்களோடு சேர்வது குறைந்தது, சிரிப்பு குறைந்தது, எரிச்சல் கூடியது. கோடையிலும் குளிருகிறது என்று போர்வை கேட்டார்கள். இவர்களில் யாருக்கும் தூய்மைப் பயம் எதுவும் கிடையாது. பசி மட்டுமே இதையெல்லாம் செய்தது.

இப்போது இரண்டு பாதியையும் சேர்த்துப் பாருங்கள். பயத்தில் ஒருவர் ஒவ்வொன்றாக ஒதுக்குகிறார். ஒதுக்க ஒதுக்கச் சாப்பிடும் அளவும் குறைகிறது. ஆற்றல் போதாத மூளை நாள் முழுக்க உணவையே நினைக்கிறது. 'எனக்கு உணவின்மேல் இவ்வளவு சபலமா' என்று பயந்து அவர் கட்டுப்பாட்டை இன்னும் இறுக்குகிறார். பசியால் வந்த நினைப்பை அவர் தன் பலவீனம் என்று தப்பாகப் படித்துவிட்டார். மன உறுதியைக் கூட்டினால் இது தீராது, கூடத்தான் செய்யும்.

## நோயாளியின் பத்தியமும் விரதமும் இதில் சேருமா?

சேராது. சர்க்கரை நோயாளி சோற்றை அளப்பதும், சிறுநீரக நோயாளி காயை வேகவைத்து நீரை வடிப்பதும், கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் உள்ளவர் சப்பாத்தியைத் தொடாமல் இருப்பதும் மருத்துவம். கொள்கைக்காக விலங்குகளிடமிருந்து வரும் எதையும் உண்ணாதவர் செய்வது அவருடைய அறம்.

விரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏகாதசி விரதம் துவாதசி பாரணையோடு முடிகிறது. ரமலான் நோன்பு மாலையில் நாலு பேரோடு சேர்ந்து திறக்கப்படுகிறது. நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் பயணத்தில் இருப்பவருக்கும் அங்கே விலக்கு உண்டு. விரதத்துக்குத் தொடக்கம், முடிவு, விலக்கு, கூட்டம் நான்கும் இருக்கின்றன. நான் சொல்லிவந்த பயத்துக்கு இந்த நான்கில் தொடக்கம் மட்டும்தான் உண்டு. காய்ச்சலில் கிடந்து கஞ்சி ஒன்றுதான் இறங்கும் என்கிற நாளிலும் 'வெள்ளை அரிசியா, வேண்டாம்' என்று அது சொல்லும்.

ஆனால் மருத்துவமோ விரதமோ அந்தப் பயத்துக்கு வாசலாக அமையக்கூடும். டாக்டர் ஒரு கப் சோறு என்றால் அரைக் கப், அதிலிருந்து கால் கப் என்று தானே இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். டாக்டர் சொன்ன இடத்தில் விதி நிற்கிறதா, தானாக வளர்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

## எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

தட்டைப் பார்க்காதீர்கள். திட்டம் உடைகிற நாளைப் பாருங்கள். பஸ் தாமதமாகி வழியில் ஹோட்டலில் சாப்பிட வேண்டிவந்தால் என்ன ஆகிறது? 'சரி, இருக்கிறதில் இட்லி சாப்பிடுவோம்' என்று போகிறவர் கவனமாகச் சாப்பிடுகிறவர். நெஞ்சு படபடத்து, பட்டினி கிடந்து, அல்லது சாப்பிட்டுவிட்டு இரண்டு நாள் தன்னையே திட்டிக்கொள்கிறவருக்கு உதவி தேவைப்படலாம்.

பட்டியல் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதையும் பாருங்கள். கவனமாகச் சாப்பிடுகிறவரின் தட்டில் காலப்போக்கில் வகைகள் கூடும்: புதிதாக ஒரு கீரை, ஒரு சிறுதானியம், ஒரு மீன். பயப்படுகிறவரின் தட்டில் வகைகள் மாதாமாதம் குறையும். சாப்பாட்டைப் பற்றி யோசிக்கவும் தேடவும் லேபிள் படிக்கவும் ஒரு நாளில் எவ்வளவு நேரம் போகிறது என்று பிராட்மனும் கேட்டார். 3 மணி நேரத்துக்குமேல் என்றால் யோசியுங்கள் என்றார். அந்த எண்ணை ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக வேண்டாம்.

உடம்பும் சொல்லும். எப்போதும் குளிர்வது, முடி கொட்டுவது, எழுந்தால் தலைசுற்றுவது, பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போய் நின்றே போவது எல்லாம் ஆற்றல் போதவில்லை என்பதன் அடையாளங்களாக இருக்கலாம். உப்பை அறவே விட்டுவிட்டு லிட்டர் லிட்டராகத் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி எல்லாவற்றையும் மாற்று ஏற்பாடு இல்லாமல் விட்டவருக்கு வைட்டமின் பி12 குறையும். ஈரலில் சேமிப்பு இருப்பதால் அதன் விளைவு தெரிய வருடங்கள்கூட ஆகும். பாதம் மரத்துப்போவதும் மறதியும் வரும்போது, 'நான் எவ்வளவு சுத்தமாகச் சாப்பிடுகிறேன், எனக்கு ஏன்' என்று அவர் உணவுமேல் சந்தேகமே படமாட்டார்.

## வெளியே வரும் வழி

நாய் இருக்கும் தெருவுக்குப் போகாமல் அந்தப் பயம் போகாது. ஆனால் ஒரே நாளில் இழுத்துக்கொண்டு போய் நாயின் முன்னால் நிறுத்தினாலும் போகாது. அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்று மனநல நிபுணர்கள் செய்வதில் இதற்கு ஏணி மாதிரி ஒரு முறை இருக்கிறது. பயப்படும் உணவுகளைக் குறைந்த பயத்திலிருந்து அதிக பயம் வரை வரிசையாக எழுதுவார்கள். கீழ்ப்படியிலிருந்து ஒவ்வொன்றாகச் சாப்பிட்டு, பயம் தானே ஏறித் தானே இறங்குவதை அவர் தன் அனுபவத்தில் பார்க்கும்வரை அங்கேயே நிற்பார்கள். கூடவே ஓர் உணவியல் நிபுணர் சாப்பிடும் அளவைச் சரிசெய்வார். பசித்த மூளைக்குச் சோறு கிடைக்காமல் எந்தப் பேச்சும் அதற்கு ஏறாது. மிகவும் மெலிந்துபோனவர்களுக்கு மட்டும் வீட்டில் திடீரென்று நிறையச் சாப்பிடக் கொடுத்துவிடக்கூடாது. ரத்தத்தில் உப்புகளின் சமநிலை குலைந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால் அது மருத்துவரின் மேற்பார்வையில்தான் நடக்கவேண்டும்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம் என்பதை நான் தப்புச் செய்துதான் கற்றுக்கொண்டேன். முதலில் "ஒரு வாய் சாப்பிட்டாத்தான் விடுவேன்" என்று வற்புறுத்தினேன். அவன் என் வீட்டுக்கு வருவதையே நிறுத்தினான். எண்ணெயைப் பற்றி வாதாடினேன், அவன் என்னைவிட அதிகம் படித்திருந்தான். சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, "ரொம்பப் பயமா இருக்காடா?" என்று ஒருநாள் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அப்பா மாதிரி ஊசி போட்டுக்கிட்டு இருக்கணுமேன்னு தினம் தோணுது மாமா" என்றான். அவனை நிபுணரிடம் அழைத்துப்போக முடிந்தது அந்தப் பேச்சுக்குப் பிறகுதான். மெலிந்திருக்கிறாய், நன்றாக இருக்கிறாய் என்று உடம்பைப் பற்றிச் சொல்வதையும் வீட்டில் எல்லோரும் நிறுத்திவிட்டோம்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற எண்ணைக் கூப்பிடலாம். டெலி மானஸ் என்று 2022-ல் மத்திய அரசு தொடங்கிய இலவச மனநல உதவி எண் அது. தமிழிலும் பேசுவார்கள்.

அவனுடைய ஏணியில் பத்துப் படிகள். முதல் படி, வெளியில் வாங்கிய இட்லி, சட்னி இல்லாமல். அதற்கே மூன்று வாரம் ஆனது. இப்போது ஆறாவது படியில் இருக்கிறான், ஹோட்டல் தோசை. பந்தியில் உட்கார்ந்து இலை போட்டுச் சாப்பிடுவது பத்தாவது. தை மாதம் அவன் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம்.